சிறுகிழங்கில் மண்

நவம்பர் 9, சனி

ஜெர்மனியின் இந்த லைப்சிக் நகரத்தில் ஆறு லட்சம் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் நாக்கு இல்லை. காலையில் சந்தையில் சின்ன வெங்காயம் கேட்டேன். கடைக்காரி சிவப்பு வலைப்பை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே எண்ணி ஆறு உருண்டை. நகைக்கடையில் கொலுசு காட்டுவது போல இரண்டு விரலால் பிடித்துக் காட்டுகிறாள். ஆறு வெங்காயத்தில் என்ன செய்ய? மூக்கில் வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் சாம்பார் வைத்தது என் வீட்டுக்காரர் குற்றாலம். அவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, எனக்குத் தயிர் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. அதனால் சமையல் அவர் பொறுப்பு. புளியைக் கரைத்தாரா, புளியமரத்தையே கரைத்தாரா தெரியவில்லை. சொன்னேன். சொல்லாவிட்டால் எப்படித் திருந்தும்?

சாப்பிடும்போது பீங்கான் தட்டு ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. சாயங்காலம் இவர் எங்கேயோ போய் நாலு ஸ்டீல் தட்டு வாங்கி வந்தார். மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையாம். "இது விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்லா" என்றார். கனம் போதாது, விளிம்பு கூர். அதையும் சொன்னேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மகள் வடிவுக்குப் பசியில்லையாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பசியில்லை?

நவம்பர் 16, சனி

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். தை மாதம் தேய்பிறை சப்தமியில் அப்பா இறந்து ஒரு வருஷம் திரும்புகிறது. ஜனவரி இருபத்தொன்று. நான்தான் படையல் இலை போட வேண்டுமாம்.

"நீயே அங்க போட்டிரும்மா" என்றேன்.

"பெத்த பிள்ள வீட்டுக்குத்தான் வருவாவ. ஒத்தப் பிள்ள நீ. வேற யாரு இருக்கா?"

"விசா எடுத்து வருவாவளா?"

"கிண்டல் பண்ணாதட்டி. முதல் வருசம் பசியோட திரும்பிட்டாவன்னா அந்த வீட்டுல பிறகு சோறு செல்லாது. அவுகளுக்குப் பிடிச்சது வைக்கணும். சொதி, சிறுகிழங்கு, கருப்பட்டிப் பாயசம். சிறுகிழங்கு கண்டிப்பா வேணும்."

அந்த வீட்டில் சோறு செல்லாதாம். அவர் உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டில் சோறு எப்படிச் சென்றது என்று இவளுக்கு மறந்துவிட்டது போல.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா கேட்டாள் என்பதற்காக மட்டும்.

நவம்பர் 23, சனி

ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரன் அமிர்தசரஸ்காரன். அவனைப் பொறுத்தவரை இந்தியா டெல்லியோடு முடிந்துவிடுகிறது. பெருங்காயத்துக்குப் பக்கத்தில் முகக் கிரீம். கறிவேப்பிலை என்று எட்டு இலையைப் பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்திருக்கிறான். எட்டும் என்னைவிட வயதானவை. சிறுகிழங்கு என்று கையால் உருட்டிக் காட்டினேன். உருளைக்கிழங்கைக் காட்டினான். இன்னும் சின்னது என்றேன். அதைவிடச் சின்ன உருளைக்கிழங்கைக் காட்டினான்.

பிறகு வியட்நாம் கடை. அந்த அம்மாள் பரவாயில்லை, வாய் திறக்காமல் சாமானை எடுத்துப்போட்டாள். உறைந்த முருங்கைக்காய், உறைந்த வாழையிலை, தேங்காய்ப்பால் டின். டின் தேங்காய்ப்பாலில் சொதியா என்று அப்பா இருந்தால் கேட்டிருப்பார். கேட்கட்டும். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூதான் சர்க்கரை.

வீட்டுக்கு வந்தால் இவர் எலுமிச்சை சாதம் செய்து வைத்திருக்கிறார். உப்பு முன்னால் போகிறது, எலுமிச்சை பின்னால் வருகிறது. சொன்னேன். "சரி" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சரிதான்.

நவம்பர் 30, சனி

கிடைத்துவிட்டது! சந்தையில், மூலையில், பல்லில்லாத ஒரு கிழவனின் கூடையில். அதே முண்டு, அதே முடிச்சு, அதே பழுப்புத் தோல். கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கிழவன் டோபினாம்பூர் என்று ஏதோ பெயர் சொன்னான். இவர்கள் எதற்குத்தான் ஒழுங்கான பெயர் வைத்தார்கள்? இரண்டு கிலோ வாங்கினேன். நாளைக்கு ஒத்திகை.

டிசம்பர் 1, ஞாயிறு

கிழவன் விளங்கமாட்டான்.

அது சிறுகிழங்கு இல்லை. வாயில் வைத்தால் இனிக்கிறது. தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு இனிக்கிற பொரியல்! இவர்தான் சமைத்தார், அதனால் சர்க்கரை போட்டீரா என்று கேட்டேன். கிழங்கே அப்படித்தான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதில் வேடிக்கை, அது வயிற்றுக்குள் போய் ஊதுகிற கிழங்கு. மூன்று பேர் வயிறும் மேளம். அப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் 7, சனி

ஜெர்மன்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் சந்தை. மாவு, வெண்ணெய், சர்க்கரை. பிறகு வெண்ணெய், சர்க்கரை, மாவு. வரிசை மாறுகிறது, அதற்கு வேறு வேறு பெயர்.

சிறுகிழங்கைப் பற்றி எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க.

மண்ணோடுதான் கடைக்கு வரும். ஊறவைத்து, சாக்கில் கட்டி, தரையில் புரட்டிப் புரட்டித் தேய்த்தால் தோல் உரியும். மீதியைக் கத்தியால் சுரண்ட வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம். கறை நகத்தை விட்டுப் போகாது. மார்கழி, தை இரண்டு மாதமும் அம்மாவின் நகம் கறுத்தே இருக்கும்.

அப்பா ஆவுடையப்பனுக்குக் கிழங்கில் ஒரு மணல்கூட இருக்கக்கூடாது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் அவர்தான் வைப்பார். அதுவரை அம்மாவும் நானும் சோற்றில் கை வைக்கமாட்டோம். நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. இடது கையைப் பார்ப்பேன். இடது கை தொடையில் இருந்தால் சாப்பிடலாம். அது எழுந்து தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டால், தட்டு எழுந்துவிடும். சுவரில் சாம்பார்க் கறை இருந்த இடத்தில்தான் அம்மா மாதக் காலண்டரை மாட்டி வைத்திருந்தாள்.

நல்ல ருசிக்காரர் என்று ஊரே சொல்லும். ருசிக்காரர்!

டிசம்பர் 11, புதன்

மளிகை வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு கட்டம்போட்ட தாள் ஒட்டியிருக்கிறது. மேலே வடிவின் கோணல் எழுத்தில் உ, பு, கா என்று மூன்று எழுத்து. கீழே தேதி தேதியாகக் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சில நாளில் மூன்று எழுத்துக்கும் கீழே கோடு இருக்கிறது.

தமிழ் எழுத்துப் பயிற்சி போலிருக்கிறது. சந்தோஷம்.

டிசம்பர் 14, சனி

அமிர்தசரஸ்காரன் கடையில் ஷைனி என்று ஒரு மலையாளத்துப் பெண்ணைப் பார்த்தேன். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருச்சூர்க்காரி. நான் கிழங்கைப் பற்றிக் கடைக்காரனிடம் மறுபடி மாரடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேச்சி, கூர்க்கயா கேக்குறீங்க? எங்க நாட்டுல அது நெறய உண்டல்லோ."

சிறுகிழங்குக்கு அங்கே கூர்க்க என்று பெயராம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறாளாம். பெட்டியில் போட்டு இரண்டு கிலோ கொண்டுவருகிறாளாம். சுங்கத்தில் பிடித்தால் உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன் என்றேன். சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

இவருடைய குளிர்கோட்டைத் துவைக்கப் போடும்போது பையைத் தடவினேன். மூன்று பேக்கரிக் காகிதம். உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி. இரண்டு பெரிசு, ஒன்று சிறிசு. வடிவைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிற வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது.

வீட்டில் சோறு ஆக்கி வைத்துவிட்டு வெளியே போய்க் காய்ந்த ரொட்டியைக் கடிக்கிறார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

டிசம்பர் 25, புதன்

லீவு. பனி. நானே இட்லி ஊற்றினேன். கல். இந்தக் குளிரில் மாவு பொங்கினால்தானே! இருவரும் அமைதியாக ஆளுக்கு நாலு சாப்பிட்டார்கள். வடிவு "நல்லாருக்குமா" என்றாள்.

பொய் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது?

ஜனவரி 5, ஞாயிறு

ஷைனி வந்துவிட்டாள். கிழங்கும் வந்துவிட்டது. தினத்தாளில் சுற்றி, அதைச் சட்டையில் சுற்றி, அதைத் துண்டில் சுற்றி. பிரித்தால் செம்மண் கொட்டுகிறது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அசல். ஒன்றும் குறை சொல்ல முடியவில்லை. கொஞ்சம் சின்ன உருப்படி.

பால்கனியில் மரப்பெட்டியில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சனி ஞாயிறு ம்யூனிக்ல அக்கா வீட்டுக்குப் போலாம்னு இருக்கோம். பொங்கலை முன்கூட்டியே வைக்காளாம். நானும் வடிவும்."

"நான்?"

"உனக்கு அங்க சாப்பாடு பிடிக்காதுல்லா."

உண்மைதான். அவர் அக்கா வைக்கிற பொங்கலைச் சுவரில் பூசினால் நூறு வருஷம் நிற்கும். போகட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. நல்லதுதான். எனக்கென்று ஒரு பிடி பொங்கல் வைத்துக்கொண்டேன். அடுப்பிடம் நின்றே சாப்பிட்டேன். நெய், மிளகு எல்லாம் அளவாகத்தான் இருந்தன. இறங்கவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள சாப்பிட்டாவளா?" எப்போதும் இதுதான் முதல் கேள்வி.

ம்யூனிக் விஷயத்தைச் சொன்னேன். பிறகு பேச்சு பேச்சாக அவர் வைக்கிற சாம்பார், அவர் பொரிக்கிற அப்பளம், அவர் தாளிக்கிற கடுகு எல்லாம் சொன்னேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்" என்றாள். "எத்தனையோ வருசம் கேட்ட பேச்சாட்டு இருக்கு. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

என்ன பேச்சு என்று கேட்டேன். பேச்சை மாற்றினாள். கிழங்கு கிடைத்ததைச் சொன்னேன். அங்கே இப்போது என்ன விலை, நீ வாங்கினாயா என்று கேட்டேன்.

"நானா? அவுக போனதுக்கப்புறம் நான் சிறுகிழங்கு வாங்கவே இல்ல. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுட்டி."

நாற்பது வருஷம் அதைத் தேய்த்தவள் சொல்கிறாள்!

இருவரும் எட்டு மணிக்கு வந்தார்கள். கதவுக்கு வெளியே வடிவு பேசிக்கொண்டு வந்தது கேட்டது, "அத்தை வீட்டிலேயே இருந்து படிச்சா என்னப்பா?" கதவைத் திறந்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

இருபத்தொன்றாம் தேதி லீவு கிடையாதாம். ஆலையில் தணிக்கை. மாம்பழத் தயிரில் மாம்பழம் எத்தனை சதவீதம் என்று நான் அளந்து சொல்லாவிட்டால் ஐரோப்பா கவிழ்ந்துவிடும். தகப்பனுக்குத் திதி என்றேன். அது எந்தப் படிவத்தில் வரும் என்று மேலாளர் கேட்டான்.

காலை ஆறரைக்குப் போனால் மூன்றரைக்குத்தான் வீடு. படையலை யார் சமைப்பது?

"நான் லீவு போட்டிருக்கேன்" என்றார் இவர்.

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். சொதிக்குப் பாசிப்பருப்பு எவ்வளவு, இரண்டாம் பால் எப்போது, முதல் பால் எப்போது, இஞ்சிச் சாறு கடைசியில், கொதிக்கவிடக்கூடாது. கிழங்கை நாலு தண்ணீர் கழுவ வேண்டும். முக்கியமானதைக் கடைசியில் கோடு போட்டு எழுதினேன்: படையலுக்கு ஆக்குவதை ருசி பார்க்கக்கூடாது. நாக்கில் ஒரு சொட்டு வைக்கக்கூடாது. முதல் ருசி போனவருக்கு.

"உப்பு எப்படிப் பாக்கது?" என்றார்.

"எங்கம்மால்லாம் எப்படிப் பாத்தா? கையளவுதான்."

அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வடிவு அவரைப் பார்த்தாள். இரண்டு பேர் முகமும் பரீட்சைக்குப் போகிற முகம்.

ஜனவரி 21, செவ்வாய்

மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணந்தன. ஹாலில் ஸ்டூலில் அப்பா படம், பொட்டு வைத்து. வாழையிலை ஓரத்தில் உறைந்து கறுத்திருந்தாலும் நுனி இடப்பக்கம் சரியாக இருந்தது. வடிவு பாவாடை கட்டியிருந்தாள். சூடம் ஏற்றினால் புகை மணி அலறும் என்று ஸ்டூலில் ஏறி அதற்குக் குளியல் தொப்பி மாட்டியிருந்தார் இவர்.

குளித்துவிட்டு வந்து பரிமாறினேன். சோறு, சொதி, கிழங்குப் பொரியல், இஞ்சித் துவையல், அப்பளம், பாயசம். தண்ணீர் சுற்றினேன். சூடம் காட்டினேன். கும்பிட ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடும், இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு சாப்பிடும் என்று மனசுக்குள் சொன்னேன்.

ஒரு பிடியைப் பால்கனிக்குக் கொண்டுபோனார் இவர். இந்த ஊர்க் காக்கைக்கு உடம்பு சாம்பல், தலையும் இறக்கையும் மட்டும் கறுப்பு. பாதியில் வெள்ளையடித்து விட்ட மாதிரி. மரத்தில் ஒன்று இருந்தது. வரவில்லை. அதற்கும் சொதியைப் பற்றி என்ன தெரியும்.

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். ஸ்டீல் தட்டு. எனக்கு முதலில் வைத்தார். பரிமாறும்போது அவர் கையைப் பார்த்தேன். பத்து நகமும் கறுப்பு.

"எதுல தேச்சீங்க? சாக்கு ஏது?"

"வடிவோட பழைய தலகாணி உறை. ரெண்டு பேரும் காலைலருந்து."

வடிவு தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அதுவும் கறுப்பு. பள்ளிக்குப் போகவில்லை போலிருக்கிறது.

சொதியை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. மறந்தே போயிருக்கிறார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாக்கு நுனிவரை வந்தது. சரி, பொரியலைப் பார்ப்போம் என்று ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தேன்.

நறநற.

மண். கடைவாய்ப் பல்லில், காது வரை கேட்டது. நாலு தண்ணீர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன்!

நிமிர்ந்தேன். இவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு தட்டிலும் சோறு அப்படியே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதைப் பார்க்கிறாள் என்று நானும் குனிந்து பார்த்தேன்.

என் இடது கை தட்டின் விளிம்பில் இருந்தது. கட்டைவிரல் மேலே, நாலு விரல் அடியில். எப்போது வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்றும் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்து எனக்கு எப்போதும் பயம்தான், எட்டு வயதிலும் பயம், இன்றைக்கும் பயம். விரல் விரலாக எடுத்தேன். எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"மண்ணு இருக்கா?" என்றார் இவர், மெதுவாக. "அஞ்சு தண்ணி கழுவினேன் கோமு."

"இருக்கு" என்றேன். "நீங்க சாப்பிடுங்க. ஏட்டி, நீயும் சாப்பிடு."

வடிவு ஒரு கிழங்கை வாயில் போட்டாள். நறநற என்றது. கண் பெரிதாகிவிட்டது. அப்பாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. வாய்க்குள் வைத்துக்கொண்டு மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பார்க்கிறாள்.

"துப்பிட்டுச் சாப்பிடுட்டி" என்றேன். "மண்ணுதான."

துப்பினாள். நானும் துப்பினேன். இதற்கு ஒரு தட்டு பறக்க வேண்டியிருந்ததா? துப்பினால் முடிந்துபோகிற காரியம். எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து நடுவில் வைத்தேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டோம். சொதி நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இங்கே எழுதிக்கொள்கிறேன்.

வடிவு இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

ஐந்தரைக்கு அம்மா கூப்பிட்டாள். மாப்பிள்ளையைக் கேட்கவில்லை, இன்றைக்கு மட்டும்.

"அப்பா சாப்பிட்டாவளா?"

"சாப்பிட்டாவ. கிழங்குல மண்ணு இருந்துச்சு. சொதில உப்பில்ல."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல."

அம்மா சிரித்தாள். நான் கேட்டே இராத சிரிப்பு.

"அப்படின்னா நெசமாவே போயிட்டாவட்டி" என்றாள்.

ஜனவரி 22, புதன்

காலையில் மளிகை அலமாரியைத் திறந்தேன். தாள் அங்கேயே இருக்கிறது. உப்பு, புளி, காரம். நான் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் ஒரு கோடு. நேற்றைய தேதிக்கு நேரே ஒரு கோடும் இல்லை. உப்புக்கு ஒன்று நானே போட்டிருக்கலாம், நியாயம்தான். போடவில்லை. அது எழுத்துப் பயிற்சி இல்லை என்று எனக்கு டிசம்பரிலேயே தெரியும்.

மீதிக் கிழங்கு அரைக்கிலோ இருக்கிறது. சனிக்கிழமை நான் தேய்க்கிறேன்.

நவம்பர் 9 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். தட்டு கை தவறி விழவில்லை.